சங்கிலி அறுந்ததா?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திவந்த மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகை, தீ பரவ நேரம் பிடிக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எழுந்து ஓட முயன்றார்கள். முடியவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் பறிபோயின.

நாடு பதறியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் அத்தகைய விடுதிகள் யாவும் மூடப்பட்டன. அங்கே அடைந்துகிடந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று திட்டவட்டமாகத் தடுத்தது. எனவே சங்கிலி அறுந்துவிட்டது என்று நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

உண்மையிலேயே அறுந்ததா என்பதே நம் கேள்வி.

அந்த 28 பேரும் தாமாக நடந்துவந்து அந்தக் கொட்டகையில் படுத்தவர்கள் அல்லர். விடுதிக்காரன் வீடு வீடாகச் சென்று பிடித்துவந்தவர்களும் அல்லர். பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு, நம்மவரும் உண்டு. தீக்கு விடுதிக்காரனைக் கேட்டோம்; அரசாங்கத்தைக் கேட்டோம்; தர்காவைக்கூடக் கேட்டோம். ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியை இன்று கேட்பதற்காகவே எழுதுகோலை எடுத்திருக்கிறோம்.

இதைக் கேட்க நமக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் வினவலாம். சங்கிலி இல்லாத, சட்டப்படி பதிவு பெற்ற, மருத்துவரும் செவிலியரும் உள்ள ஓர் உள்ளுறை மனநல சிகிச்சை இல்லத்தில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள் நாம். அங்கே கண்டதைக் கொண்டே பேசுகிறோம்.

அங்கே நடப்பது என்ன?

நம்மில் பெரும்பாலோர் அத்தகைய இல்லமொன்றில் கால் வைத்ததில்லை. திரைப்படங்கள் காட்டிய கூச்சலும் கோமாளித்தனமுமே நாம் அறிந்தவை. உண்மையில் அங்கே நடக்கும் வேலை மெதுவானது, ஓசையற்றது.

காலையில் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கும் கேள்வி, "இரவு தூங்கினீர்களா?" என்பதுதான். பலருக்கு அறிவு தடுமாறுவதற்கு முன்னால் தூக்கம் தடுமாறும். தூக்கத்தைக் கவனித்தால் நோய் திரும்பி வருவதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். மாத்திரை விழுங்கினாரா, கை நடுங்குகிறதா, நாக்கு உலர்கிறதா, உடல் பருத்துவருகிறதா என்பவற்றைப் பார்த்து மருத்துவரிடம் சொல்வது அடுத்த வேலை. பிறகு உட்கார்ந்து பேசுவது. அதைவிட, உட்கார்ந்து கேட்பது.

காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொல்வார். "அப்படி ஒன்றுமில்லை, உனக்குப் பிரமை" என்று அவரிடம் வாதாடுவதில்லை. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று பொய் சொல்வதும் இல்லை. எப்போது கேட்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்போது குறைகிறது என்று பொறுமையாகக் கேட்போம். சமையற்கட்டில் இன்னொருவரோடு சேர்ந்து வெங்காயம் உரிக்கும்போது குரல் அடங்குகிறது என்று அவரே ஒருநாள் கண்டுபிடிப்பார். மறுநாள் முதல் அவருக்குச் சமையற்கட்டில் ஓர் இடம் ஒதுக்கப்படும். மூன்று வாரம் வாய் திறவாத ஓர் இளைஞரின் அருகே நாளும் அரைமணி நேரம் சும்மா அமர்ந்திருந்தோம். நான்காம் வாரத்தில் அவர் திரும்பிப் பார்த்து, "அஸருக்கு பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்டார். அன்று அந்த இல்லத்தில் எங்கள் எல்லோருக்கும் பெருநாள்.

மருந்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1952இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிய பிறகுதான் பல்லாயிரம் பேர் பூட்டிய அறைகளிலிருந்து வெளியே வர முடிந்தது. ஆனால் மாத்திரை குரலை அடக்கும். "பைத்தியம் வந்துட்டான்" என்று சிரிக்கும் தெருவை எப்படிக் கடப்பது என்று கற்றுக் கொடுக்காது. அதைக் கற்றுக் கொடுப்பதற்குத்தான் பேசத் தெரிந்த மனிதர்கள் வேண்டியிருக்கிறார்கள்.

பழம்பெருமை போதுமா?

நம் மேடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும். ஐரோப்பா பித்தரைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், முஸ்லிம்கள் அவர்களுக்கு மருத்துவமனை கட்டினார்கள் என்பார்கள். கட்டியது மெய்தான். டமாஸ்கஸில் 1154இல் சுல்தான் நூருத்தீன் கட்டியது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பியது. அலெப்போவில் 1354இல் அமைந்த அர்கூன் மருத்துவமனை. எதிர்னேயில் 1488இல் இரண்டாம் பயஸீத் நிறுவிய இசையும் நீரூற்றும் கொண்ட மருத்துவ இல்லம். 1183இல் எகிப்துக்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்ததையும், அவர்கள் நிலையை அன்றாடம் விசாரித்து வேண்டியதைக் கொடுக்க ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய நலன்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். அச்சம், துயரம், சினம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றை அவர் நோய்களாகவே எடுத்து ஆராய்ந்தார். உடல் நலமாயிருக்கும்போதே மருந்தை வாங்கி வைத்துக்கொள்வதுபோல, மனம் தெளிந்திருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும். அது போதாதபோது பிறருடைய ஆறுதல் மொழி துணைநிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று ஆலோசகர் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இவற்றையெல்லாம் எண்ணிப் பெருமைப்படலாம். ஆனால் அதே கெய்ரோவில் 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளர் சங்கிலியில் கிடந்த காட்சியையும் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். கட்டடம் கட்டியவர் பெயரால் மருத்துவமனை நிலைப்பதில்லை. அன்றாடம் விசாரிப்பவர் இல்லாமல் போகும் நாளில் அது சிறையாகிவிடுகிறது. முன்னோர் கட்டியதைச் சொல்லிப் பெருமை பேசும் நாம், நம் வீட்டிலிருந்து போனவரை எத்தனை முறை போய் விசாரித்தோம்?

மூன்றாவது கடமை

அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், தம் காரியத்தைத் தாமே நடத்திக்கொள்ளும் அறிவு வாய்க்காதவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று தடுக்கிற அதே இடத்தில், அவர்களைப் பொறுப்பில் வைத்திருப்போர் மீது மூன்று கடமைகளைச் சுமத்துகிறது. உணவளிப்பது ஒன்று, உடுத்தக் கொடுப்பது ஒன்று, இனிய சொல் பேசுவது மூன்றாவது.

முதலிரண்டையும் நம்மவர்கள் குறைவின்றிச் செய்கிறார்கள். மாதக் கட்டணம் தவறுவதில்லை. பெருநாளுக்குப் புதுச்சட்டை கூரியரில் வந்துவிடுகிறது. ரமலானில் பேரீச்சம்பழப் பெட்டிகூட வரும். வராதது மூன்றாவதுதான். பணத்தால் முதலிரண்டையும் நிறைவேற்றலாம். மூன்றாவதை நிறைவேற்ற ஆள் வர வேண்டும்.

நாம் பணியாற்றிய இல்லத்தில் ஒருவர் இருந்தார். கடற்கரையூர்க்காரர், முப்பது வயதைக் கடந்தவர். நோய் கட்டுக்குள் வந்து இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, ஜும்ஆ முடிந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் தாழ்வாரத்தில் உட்காருவார். "காக்கா வர்றேன்னு சொன்னாங்க" என்பார். மக்ரிப் வரை அங்கேயே இருப்பார்.

அவருடைய காக்காவைத் தொலைபேசியில் அழைத்தோம். ஒருமுறை அல்ல, பலமுறை. அவர் கெட்டவர் அல்லர். வளைகுடாவில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவர். குரல் தழுதழுக்கத்தான் பேசினார். "தம்பி அங்கேயே இருக்கட்டும் சார். மாசம் எவ்வளவு கூடினாலும் அனுப்புறேன். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். இவன் வீட்டுல இருந்தா யாரு வருவா?" என்றார். அடுத்த ஆண்டு மகளுக்கு நிக்காஹ் நடந்தது. பிறகு இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். தம்பியின் பை மடியிலேயே இருந்தது.

அந்த இல்லத்தில் சங்கிலி இல்லை. கதவும் திறந்தே இருந்தது. ஆனால் போவதற்கு வீடில்லாதவனுக்குத் திறந்த கதவால் என்ன பயன்?

அவரைப் போன்றவர்களுக்காகவே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுதப்பட்டது. குடும்பம் ஏற்க மறுக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மனநல நிலையத்தில் தொடர்ந்து தங்கவைக்கப்படக் கூடாது என்று அது கூறுகிறது. ஆனால் வாசலில் வந்து நின்று "வா தம்பி, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட எந்தச் சட்டத்தாலும் ஆள் அனுப்ப முடியாது.

சொல்லப்படும் காரணங்கள்

நம்மவர்கள் சொல்லும் காரணங்களை நாம் அறியாதவர்கள் அல்லர்.

"இது மருந்தால் தீரும் நோயல்ல, ஜின் கோளாறு, செய்வினை, ஓதித்தான் தீர்க்க வேண்டும்" என்பது ஒன்று. துஆ வேண்டாம் என்று எந்த முஸ்லிமும் சொல்லமாட்டான். ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்கள் நபி பெருமானார் அவர்களே என்பதை மறந்துவிட்டு ஓதிப் பார்ப்பது எந்த வகைப் பக்தி? குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல், துஆவுக்கு வருவோரை முஜாவிர்களே மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு நடந்தது. தவாவும் துஆவும் என்று அதற்குப் பெயர். ஏர்வாடிக்கும் அந்த வழி பின்னர் வந்தது. தர்காவே மருத்துவரை ஏற்றுக்கொண்ட பிறகு, வீட்டில் இருப்பவர்கள் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

"குடும்பத்தின் மானம்" என்பது இன்னொன்று. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, பிற்காலத்தில் அது அமைந்த இடத்தின் பெயரால் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. "கீழ்ப்பாக்கம்" என்றால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் பங்குகொண்ட ஒவ்வொருவரும், தம் வீட்டில் நோய் வரும்போது அதை ஒளிக்க வேண்டியவர்களாகிறோம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. நோய்க்குத் தக்கவாறு நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்றும் கண்டது. அப்படியானால் சம்பந்தம் பேச வருகிறவர் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். இருவரும் ஒளிக்கிறார்கள். ஒளித்துச் செய்த திருமணம் ஓராண்டில் ஜமாஅத் பஞ்சாயத்துக்கு வரும்போது மானம் எங்கே போகிறது?

மூன்றாவது காரணம் உண்மையானது. "எங்களால் முடியவில்லை" என்பது. பத்தாண்டுகளாக இரவில் கண் மூடாத உம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். பெற்ற பிள்ளையிடம் அடிபட்டு, அதை வெளியே சொல்லாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களை நோக்கி நம் விரல் நீளாது. இளைப்பாறச் சில மாதங்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அது நியாயம். உள்ளுறை இல்லம் இருப்பதே அதற்காகத்தான். நோய் உக்கிரமாக இருக்கும்போது கொண்டுவந்து சேர்ப்பது குற்றமன்று; சேர்க்காமல் வீட்டில் பூட்டிவைப்பதே குற்றம். சேர்த்த பிறகு வராமல் இருப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம். இளைப்பாறப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பதே நம் குறை.

குடும்பம் அருகில் இருந்தால் என்ன நடக்கும் என்பது ஊகமல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1950கள் முதலே நோயாளியோடு குடும்பத்தார் தங்கியிருந்து கவனிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்துக் குடும்பத்தாரை நோயாளிகளோடு தங்கவைத்தார். வந்தவர்கள் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு அழைத்தால் மட்டும் போதாது. வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்பதும் உண்டு. 1972இல் பிரௌன், பர்லி, விங் என்னும் மூவர் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய் தணிந்து வீடு திரும்பியவர்களை அவர்கள் ஒன்பது மாதம் பின்தொடர்ந்தார்கள். குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும் வீடுகளுக்கும், ஓயாது பதறிக் கண்காணிக்கும் வீடுகளுக்கும் திரும்பியவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் மீண்டது. அத்தகைய சூழல் இல்லாத வீடுகளில் நூற்றுக்கு 16 பேருக்கு மட்டுமே மீண்டது. நோயை உண்டாக்கியது குடும்பம் என்று இதற்குப் பொருளல்ல. அப்படிச் சொல்வது அநியாயம். வந்த நோயை அடக்கிவைக்கவோ கிளறிவிடவோ குடும்பத்தின் நாவுக்கு ஆற்றல் உண்டு என்பதே பொருள். இனிய சொல் என்னும் மூன்றாவது கடமை எத்துணை பெரிய மருந்து என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இல்லங்களுக்கும் ஒரு வார்த்தை

குடும்பத்தாரை மட்டும் கேட்டுவிட்டு இல்லங்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. குணமாகி வெளியேறும் ஒவ்வொருவரும் இல்லத்துக்கு மாத வருவாயில் இழப்பு. தங்கிவிடும் ஒவ்வொருவரும் நிலையான வரவு. இந்தக் கணக்கு எங்கே முதலிடம் பெறுகிறதோ, அங்கே ஆலோசகர் என்பவர் பார்வையாளருக்குக் காட்டும் அலங்காரப் பொருளாகிவிடுகிறார். எண்பது பேருக்கு ஓர் ஆலோசகர் என்றால் ஒருவரோடு எத்தனை நிமிடம் பேச முடியும்? சேர்ப்பதற்கு முன்னால் பெற்றோர் கேட்க வேண்டியவை கட்டடத்தையும் குளிரூட்டியையும் பற்றியவை அல்ல. இங்கே பேசுவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? சென்ற ஆண்டில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? நாங்கள் எந்த நாளிலும் வந்து பார்க்கலாமா? இம்மூன்றுக்கும் நேரான விடை தராத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

நாம் கேட்பது

நம் சமுதாயத்தில் ஒருவர் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தால், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியுமாக ஊரே திரண்டு போகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி என்று அறிந்துதான் போகிறோம். அந்த நபிவழியில் மனம் முறிந்தவனுக்கு மட்டும் விலக்கு உண்டென்று எந்தக் கிதாபில் படித்தோம்? நாம் பணியாற்றிய ஆண்டுகளில் ஒரு ஜமாஅத்திலிருந்துகூட ஒருவர் பழப்பையோடு அந்த வாசலுக்கு வந்ததில்லை.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. உங்கள் வீட்டவர் ஏதேனும் ஓர் இல்லத்தில் இருந்தால், இந்த மாதத்துக்குள் நேரில் போங்கள். ஆலோசகரோடு ஒருமணி நேரம் அமர்ந்து, நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள் எவை, எந்த மாத்திரை எவ்வளவு, வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு நாளுக்கு, பிறகு ஒரு பெருநாளுக்கு, பிறகு ஒரு மாதத்துக்கு என்று அழைத்து வாருங்கள். வீட்டில் அவருக்கென்று ஒரு வேலை ஒதுக்குங்கள். கடையில் பில் போடுவதாக இருந்தாலும் சரி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக இருந்தாலும் சரி. நடுவில் நோய் மீண்டால் மறுபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் வெட்கமில்லை. வழி தெரியாதபோது 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

ஜமாஅத்துகளைக் கேட்பதும் ஒன்றுண்டு. உங்கள் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் எந்தெந்த இல்லங்களில் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். சந்தா பாக்கிக்குக் கணக்கு வைத்திருக்கும் ஏட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர்களில் ஏழைகளின் மாத்திரைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறவருக்கு முதல் வெள்ளிக்கிழமையன்று பள்ளியில் ஸலாம் சொல்லிக் கைகொடுக்க நால்வர் முன்வாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் அந்த இல்லத்தை விட்டு விலகிய வெள்ளிக்கிழமையன்றும் அவர் தாழ்வாரத்தில்தான் இருந்தார். "போயிட்டு வாங்க சார். நானும் காக்கா வந்ததும் கிளம்பிடுவேன்" என்று நமக்கு விடைகொடுத்தார். இதைப் படிக்கும் எவருடைய தம்பியாகவும் அவர் இருக்கலாம். எழுந்து போய்ப் பாருங்கள்.